ஒத்துமை இல்லன்னு சொல்றது பாதிதான் உண்மை
வெளிநாட்டுல வேலை செய்யற பிலிப்பினோக்கள் (பிலிப்பைன்ஸ்காரங்க), 2022 அதிபர் தேர்தல்ல எதிரெதிரா நின்ன மார்கோஸ் பக்கம் லெனி பக்கம்னு பிரிஞ்சு அடிச்சுக்கறாங்க, ஒத்துமையே இல்லன்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க. 1995ல சிங்கப்பூர்ல வீட்டு வேலை செஞ்ச ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியன்ங்கற பிலிப்பினோ பெண்ணை தூக்குல போட்டப்போ எல்லாரும் ஒண்ணா கொதிச்சாங்களே, அந்த வருஷமே பிலிப்பைன்ஸ்ல புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. 2003ல வெளிநாட்டு ஓட்டுரிமைச் சட்டமும் கேட்டு கேட்டு வாங்கினதுதான். ஆனா ஹாங்காங்ல சென்ட்ரல்ங்கற பகுதியில ஞாயித்துக்கிழமை அட்டைய விரிச்சு உக்காந்திருக்கிற, வீட்டு வேலை செய்யற பிலிப்பினோ அக்காங்களுக்கு அந்த ஒரு நாள்தாங்க லீவு, ஊருக்கு பணம் அனுப்பணும், சாமான் வாங்கணும், இதுல க்யூல நின்னு ஓட்டும் போடணும்னா எப்படி? 2025ல ஆன்லைன் ஓட்டு கொண்டு வந்தாங்க, ரொம்ப நல்லது, ஆனா அதுக்கும் முன்கூட்டியே தனியா பதியணும்னு வச்சாங்க. வேலை நேரத்துல போனை வாங்கி வச்சுக்கற வீட்டுல இருக்கறவங்களுக்கு யாரு போயி இதை சொல்லிக் குடுப்பா, முதல்ல அதைப் பத்தி எழுதுங்க.