சிகரெட்டில் அடைத்த கடன்

2036 ஒலிம்பிக்கை இந்தியா நடத்தினால் போட்ட பணம் தானாகத் திரும்பிவிடும் என்கிறது ஒரு கட்டுரை. 1976 ஒலிம்பிக்கை நடத்திய கனடாவின் மாண்ட்ரியல் நகர மேயர் ழான் டிராப்போவும் இதைத்தான் சொன்னார்: ஆம்பளைக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்கும், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராதாம்! 1976-இல் போட்டி முடிந்தது. கடன் அடைந்தது 2006-இல். அதை அடைக்க முப்பது வருஷமாக சிகரெட் வாங்கியவன் தலையில் வரி. ஸ்டேடியத்துக்குக் கூரை போடவே 1987 ஆனது, அதுவும் அடிக்கடி கிழிந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? 2010 டெல்லி காமன்வெல்த்தில், தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே நேரு ஸ்டேடியம் பக்கத்து நடைமேம்பாலம் இடிந்து விழுந்ததே.

எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். 1995 தெற்காசியப் போட்டிக்குக் கட்டிய வேளச்சேரி நீச்சல் குளம் நமக்கு மிஞ்சியது. ஆனால் அது ஒலிம்பிக் பட்ஜெட் இல்லை சார். நஷ்டம் வந்தால் மத்திய அரசா, மாநிலமா, மாநகராட்சியா, யார் கட்டுவது? அதை முதலில் எழுதிக் கொடுக்கட்டும்.