கழிவு பிறக்கும் இடத்தில் பயிற்சி கொடுங்கள்

ஆலைக் கழிவு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் நேராகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் நின்றுகொள்கிறோம். எவ்வளவு கொள்ளளவு, என்ன செலவு, யாருக்கு அபராதம் என்று பேசுகிறோம். அந்தத் தண்ணீர் எந்த இடத்தில், எந்த வேலையில் அழுக்கானது என்று கேட்பவர்கள் குறைவு. பல வருடமாக ஆலைகளுக்குள் போய்வருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உற்பத்தியாளர்களுக்கான பயிற்சிகளில் பெரும்பாலானவை தப்பான இடத்தில், தப்பான ஆட்களுக்கு நடக்கின்றன. மேனேஜர்கள் ஏசி அறையில் ஸ்லைடு பார்த்துவிட்டுச் சான்றிதழோடு திரும்புகிறார்கள். தொட்டி அருகில் நிற்பவருக்கு அப்படி ஒரு பயிற்சி நடந்ததே தெரியாது.

ஒரு ப்ளேட்டிங் பட்டறையை, அதாவது பொருள்களுக்கு உலோகப் பூச்சு போடும் இடத்தை, பாருங்கள். பொருள்களை ரேக்கில் மாட்டி ரசாயனத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். எடுத்த வேகத்தில் அலசும் தொட்டிக்குக் கொண்டுபோனால், ஒட்டியிருக்கும் கரைசலும் கூடவே போகும். வழியெல்லாம் தரையில் சொட்டும். அதையே தொட்டிக்கு மேலே பத்து நொடி பிடித்து, கொஞ்சம் சாய்த்துச் சொட்டவிட்டால், வீணாகப் போகவிருந்ததில் நல்ல பங்கு வந்த இடத்துக்கே திரும்பிவிடும். இரண்டு தொட்டிக்கும் நடுவே சரிவாக ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்தால் தரையும் நனையாது.

அலசும் தண்ணீரின் கணக்கு இன்னும் பெரிது. ஒட்டிவந்த ஒரு லிட்டர் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய, ஒரே தொட்டி என்றால் ஏறக்குறைய 1000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, நல்ல தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, அது வழிந்து முந்தைய தொட்டிக்கு வரும்படி செய்தால், கணக்குப்படி 32 லிட்டர் போதும். நடைமுறையில் கொஞ்சம் கூடும். கூடினாலும் எவ்வளவு மிச்சம்!

ஆனால் ரேக்குக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், அந்தப் பத்து நொடி தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது. கூலிக் கணக்கைத் தொடாமல் அவருக்கு மட்டும் வகுப்பு எடுப்பது அநியாயம்.

இது புதுச் சிந்தனையும் இல்லை. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975-லேயே, மாசைத் தடுத்தால் லாபம் என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கி, ஊழியர்களிடமே யோசனை கேட்டது. 1990-ல் அமெரிக்கா மாசுத் தடுப்புக்கென்றே சட்டம் போட்டது. கழிவை உண்டாகும் இடத்திலேயே குறை, முடியாவிட்டால்தான் மறுசுழற்சி, அதற்கும் பிறகுதான் சுத்திகரிப்பு என்று வரிசையும் சொன்னது. 1994 முதல் ஐ.நா. அமைப்புகள் பல நாடுகளில் தூய உற்பத்தி மையங்களை, அதாவது கழிவு குறைவாக உண்டாகும்படி உற்பத்தி செய்ய ஆலைகளுக்கு வழிகாட்டும் மையங்களை, தொடங்கின. வழி தெரிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் நாம் கழிவு வெளியேறும் குழாயின் கடைசியில், சுத்திகரிப்பு நிலையத்திலேயே, நிற்கிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கழிவு என்று ட்ரம்மில் அடைத்து அனுப்புவது எல்லாம் ஒருகாலத்தில் பில் போட்டு வாங்கிய சரக்கு. வாங்கும்போது ஒரு காசு, சூடாக்கிக் கலக்கும்போது ஒரு காசு, வெளியேற்றும்போது இன்னொரு காசு. முதலாளிகளுக்கு முதல் பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வாரம் எல்லா ட்ரம்மையும் எடைபோட்டு, வாங்கிய விலையில் கணக்கெழுதச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களே கேள்வி கேட்பார்கள்.

ஒரு பெயிண்ட் பிரிவில் பார்த்ததைச் சொல்கிறேன். நிறம் மாறும்போதெல்லாம் ஸ்ப்ரே கன்னையும் குழாயையும் தின்னர் விட்டுக் கழுவ வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடித்தால் பல கழுவல்கள் மிச்சமாகும் என்று விளக்கினேன். கன் பிடித்திருந்த அம்மா சொன்னார்: "ரெண்டு வருஷமா இதையேதான் சார் சொல்றேன். ஆர்டர் வந்த வரிசையில அடின்னு சீட்டு வருது."

சீட்டு எழுதுகிறவர் மாடியில் இருந்தார். அதுவரை எந்தப் பயிற்சிக்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அன்று மத்தியானமே அவரைக் கீழே அழைத்துவந்து, அந்த அம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம்.