39 இன்ச் ஸ்கேல் லெங்த்தாம்!

இன்னைக்கும் அதே கூத்துதான். கிட்டார் கடை கவுன்ட்டர்ல நின்ன காலேஜ் பையன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அண்ணா, இதோட ஸ்கேல் லெங்த் என்ன?"

"எல்லா ஸ்கேலும் வாசிக்கலாம் தம்பி. சி, டி, ஜி... நீங்க எதுல பாடுவீங்களோ அதுல."

சரி, இதை மன்னிச்சுரலாம். நம்ம ஊர்ல ஸ்கேல்னா ஒண்ணு சுருதி, இல்லன்னா ஜாமெட்ரி பாக்ஸோட வாங்குற மரக்கட்டை. பையன் பொறுமையா விளக்குறான். "அது இல்லண்ணா. நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்." (நட்டுன்னா கழுத்து முடியுற இடத்துல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்னப் பட்டை, பிரிட்ஜுன்னா உடம்புப் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்குற கட்டை.) அண்ணன் முகத்துல ஞானம் பொறந்துச்சு. அட்டைப் பெட்டியைத் திருப்பினார், ஸ்டிக்கரைப் படிச்சார், தீர்ப்பைச் சொன்னார். "39 இன்ச்."

முப்பத்தொன்பது! ஐயா, பேஸ் கிட்டாருக்கே 34 தான்யா! 1951ல ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ் வந்த நாள்ல இருந்து அதான் வழக்கம். 39ன்னா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்கேல் லெங்த்தை 17.817 ஆல வகுத்தா, நட்டுல இருந்து முதல் ஃபிரெட், அதாவது கழுத்துல குறுக்க பதிச்ச முதல் உலோகக் கம்பி, எவ்வளவு தூரம்னு வந்துரும். 39க்கு அது அஞ்சரை சென்டிமீட்டர். நாலாவது ஃபிரெட்டைத் தொடவே 20 செ.மீ. போகணும், கிட்டத்தட்ட ஒரு சாண். எஃப் கார்டு பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரணும்.

பெட்டியில போட்டிருக்கிற 39, தலையில இருந்து வால் வரைக்கும் கிட்டாரோட மொத்த நீளம். சட்டைக்கடையில காலர் சைஸ் கேட்டா ஆளோட உயரத்தைச் சொல்ற கதை. இதுல கொடுமை என்னன்னா, 25.5 ஸ்கேல் இருக்கிற, ஃபெண்டரோட ஸ்ட்ராட் வடிவ கிட்டாரும் மொத்தத்துல ஏறக்குறைய 39 தான். 24.75ன்னு சொல்லிக்கிற, கிப்சனோட லெஸ் பால் வடிவமும் அதை ஒட்டித்தான். 650 மி.மீ. ஸ்கேல் இருக்கிற கிளாசிக்கல் கிட்டாரும் 39ன்னுதான் விக்குது. கையில எடுத்தா மூணும் மூணு விதம், ஸ்டிக்கர் மட்டும் ஒண்ணு!

கூத்து இன்னும் முடியல. பையன் விடல. "டேப் இருந்தா அளந்துரலாமாண்ணா?" டேப் வந்துச்சு. எங்கேருந்து அளந்தார்? ஹெட்ஸ்டாக் நுனியில இருந்து, அதாவது முறுக்காணி இருக்கிற தலையோட நுனியில இருந்து! பையன் திருத்தினான். அடுத்து நட்டுல இருந்து சேடில் வரைக்கும், அதான் பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற இடம் வரைக்கும், பிடிச்சார். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒவ்வொரு நீளம் வந்துச்சு. "பாத்தீங்களா தம்பி, இதெல்லாம் கரெக்டா சொல்ல முடியாது."

சொல்ல முடியாதா? விரல் வச்சு அழுத்துனா ஸ்ட்ரிங் இழுபட்டு சுருதி ஏறும். அதை ஈடுகட்டத்தான் சேடிலைச் சில மில்லிமீட்டர் பின்னாடி தள்ளி வைக்கிறாங்க, தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு இன்னும் கூடுதலா. அதனால அங்க டேப்பை வச்சா ஆறு ஸ்ட்ரிங்குக்கு ஆறு பதில் வரத்தான் செய்யும். நட்டோட ஃபிரெட்போர்டு பக்க விளிம்புல இருந்து 12வது ஃபிரெட்டோட நடு உச்சி வரைக்கும் அளந்து, ரெண்டால பெருக்கணும். 324 மி.மீ. வந்தா 25.5 இன்ச், 314 வந்தா 24.75. பத்து செகண்ட் வேலை. கிப்சன்காரங்க தாள்ல 24.75ன்னு போட்டாலும் அளந்தா 24.6 பக்கம்தான் நிக்கும், அது அவங்க குடும்ப விவகாரம்.

ஒருவழியா 324 வந்துச்சு. உடனே அண்ணன், "25.5ஆ இருந்தா என்ன, 24.75ஆ இருந்தா என்ன தம்பி? முக்கா இன்ச்சுதானே!"

முக்கா இன்ச்சுதானே! ஒரே தடிமன், ஒரே சுருதின்னா இழுவிசை நீளத்தோட வர்க்கத்துக்குத் தகுந்த மாதிரி ஏறும். நீளம் 3 சதவீதம் கூடினா இழுவிசை 6 சதவீதம் கூடும். 10-46 செட்டை (ஸ்ட்ரிங்கோட தடிமன், இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல, மெல்லிசு 10, தடிச்சது 46) மாட்டி சாதாரண ட்யூனிங் வச்சா, 25.5ல மொத்தம் ஏறக்குறைய 47 கிலோ, 24.75ல 44. மூணு கிலோ வித்தியாசத்தைப் பெண்டிங் போடுற, அதாவது ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டுல தள்ளிச் சுருதி ஏத்துற, விரல் கிட்ட கேளுங்க, அது சொல்லும். 24.75ல நட்டுல இருந்து நாலாவது ஃபிரெட்டுக்கு 4 மி.மீ. குறையுது. சுண்டுவிரல் எட்டுமா எட்டாதான்னு தவிக்கிறவனுக்கு அந்த 4 மி.மீ. பெரிய விஷயம். அதுக்காகச் சின்ன ஸ்கேல்தான் உசத்தின்னும் இல்ல. ஸ்ட்ரிங் தளர்வா இருந்தா அதிர்ற அகலம் கூடும், ஃபிரெட்ல இடிச்சு 'ஜிர்ர்'ருங்கும். ஆக்‌ஷனைக் கொஞ்சம் தூக்கணும் (ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவுல இருக்கிற உயரம்தான் அது), இல்லன்னா ஸ்ட்ரிங்ல ஒரு சைஸ் தடிச்சுக்கணும். சுருதியில கீழ இருக்கிற தடிச்ச இ ஸ்ட்ரிங்கை சி வரைக்கும் இறக்கினா இழுவிசையில 37 சதவீதம் காலி. 24.75ல 46ஐ வச்சுக்கிட்டு அதைச் செஞ்சா துணி காயப்போடுற கொடிதான். 54, 56ன்னு போகணும், இல்லன்னா கீழ் சுருதிக்குன்னே நீளமா செய்யுற 27 இன்ச் பாரிடோன் கிட்டார் பக்கம் போகணும்.

சத்தத்துக்கும் இதே கதை. நீளம் கூடினா தடிச்ச ஸ்ட்ரிங்கோட விறைப்பு அவ்வளவா தலை காட்டாது, சுரத்தோட சேர்ந்து ஒலிக்கிற ஹார்மானிக்ஸ் சுத்தமா நிக்கும், கீழ் சுரங்கள் தெளிவா பிரிஞ்சு கேக்கும். பெரிய பியானோவுல பேஸ் சுத்தமா இருக்கிறதுக்கும் நீளமான கம்பி ஒரு காரணம். குட்டை ஸ்கேல்ல சத்தம் கொஞ்சம் உருண்டு, மெத்துன்னு வரும். ஆனா ஸ்ட்ராட்டுக்கும் லெஸ் பாலுக்கும் காதுல விழுற வித்தியாசம் முழுக்க ஸ்கேல்தான்னு அடிச்சு விடுற மேதாவிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் திட்டு. ஸ்ட்ரிங்கோட அதிர்வை வாங்குற பிக்கப்பே வேற, ஒண்ணுல சிங்கிள் காயில், இன்னொண்ணுல ஹம்பக்கர். அதை மாத்தினா கேக்குற வித்தியாசத்துக்குப் பக்கத்துல முக்கா இன்ச் கூச்சப்பட்டு ஓரமா நிக்கும்.

இப்போ உச்சக்கட்டம். பையன் ஒரு பெண்டு போட்டுப் பார்த்து, "ஸ்ட்ரிங் ரொம்ப இறுக்கமா இருக்குண்ணா"ன்னான். அண்ணன் ஆலன் கீயை எடுத்தார். "ட்ரஸ் ராடை லூஸ் பண்ணி விடுறேன், சரியாயிரும்."

எது சரியாகும்? ட்ரஸ் ராடு கழுத்துக்குள்ள இருக்கிற கம்பி, அது கழுத்தோட வளைவுக்கு. சுருதியும் நீளமும் தடிமனும் மாறாத வரைக்கும் ஸ்ட்ரிங்கோட இறுக்கம் எப்படி மாறும்? தளர்த்தினா கழுத்து முன்னாடி வளையும், 7வது ஃபிரெட் பக்கம் ஸ்ட்ரிங் எழும்பும், முன்ன விடக் கஷ்டமாகும். அப்படியேதான் ஆச்சு. உடனே சேடிலை இறக்கினார். 12க்கு மேல எல்லாம் 'ஜிர்ர்'. அதுக்கு மருந்தா அவர் சொன்னது, "11 செட்டு போட்டுருங்க தம்பி, இந்த 'ஜிர்ர்' போயிரும்."

இறுக்கமா இருக்குன்னு வந்தவனுக்கு 11 செட்டு!

9-42 மாட்டினா முடிஞ்சுது. மெல்லிசு இ ஸ்ட்ரிங் 25.5ல 10ன்னா 16.2 பவுண்டு, 9ன்னா 13.1. ஸ்கேல் மாத்திக் கிடைக்கிறதை விட மூணு மடங்கு தளர்வு, ஒரு பாக்கெட் ஸ்ட்ரிங் செலவுல. மாட்டின பிறகு கழுத்து நிமிர்ந்து முதல் ஃபிரெட்டுகள்ல இடிச்சா, அப்போ தளர்த்துங்க ட்ரஸ் ராடை, கால் சுத்து. ட்ரெமலோ, அதாவது ஆட்டிச் சுருதி மாத்துற பிரிட்ஜ், இருந்தா பின்பக்க ஸ்பிரிங்கையும் கொஞ்சம் விடணும், மேல் ஃபிரெட்டுகள்ல சுருதி சரியா நிக்குதாங்கிற இன்டனேஷனையும் மறுபடி பார்க்கணும். புதுசா கத்துக்கிறவங்க விரல் வலிக்குப் பாதிக் காரணம் நட்டுல ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் ஆழமா இல்லாததுதான். 3வது ஃபிரெட்டை அழுத்திப் பிடிங்க, முதல் ஃபிரெட்டுக்கு மேல ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாப் போதும். விசிட்டிங் கார்டே நுழைஞ்சா நட்டைத்தான் திட்டணும்.

ஸ்கேல் வித்தியாசத்தைக் கையால உணரணுமா? கிட்டாரோட பை, அது இதுன்னு சேர்த்துக் காம்போ காம்போன்னு தலையில கட்டுறீங்களே, அதுல கேப்போ கிடக்கு, எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே ஃபிரெட்ல அழுத்திப் பிடிக்கிற கிளிப்பு. எல்லா ஸ்ட்ரிங்கையும் அரை சுரம் இறக்கிட்டு கேப்போவை முதல் ஃபிரெட்ல மாட்டுங்க. 25.5 இப்போ 24.07. 1962ல வந்த ஃபெண்டர் ஜாகுவாரோட 24 இன்ச் கிட்டத்தட்ட இதான். நட்டோட உயரம் கழிஞ்சுபோறதால நெசத்தை விடக் கொஞ்சம் லேசாத் தோணும், அதை மட்டும் மனசுல வச்சுக்கணும். ரெண்டு நிமிஷத்துல கடையிலயே காட்டலாம். காட்ட மாட்டாங்க. அந்தக் கேப்போவை பிளாஸ்டிக் கவரை விட்டு வெளியவே எடுக்க விட மாட்டாங்க.

கடைசியில பையன் அதையே வாங்கிட்டான், 9 செட்டு தனியா. மொத்த நீளம்ங்கிற அந்தப் பாழாப்போன 39, இந்த உலகத்துல ஒரே ஒரு காரியத்துக்குத்தான் உதவும், பை வாங்க. அண்ணன் காம்போவுல இருந்து பையை உருவினார். 36 இன்ச் பை. ஹெட்ஸ்டாக் வெளிய எட்டிப் பாக்குது, ஜிப் கழுத்தோட நின்னுருச்சு.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க தம்பி."