ஜப்பான் ரயில் முழுக்கத் தனியாரா?

"1987-ல் ஜப்பான் ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து எல்லா நிறுவனமும் லாபம், அரசுக்கு ஒரு காசு செலவில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

அந்த ஆண்டு ஏப்ரல் 1-ல் தேசிய ரயில்வே 6 பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிந்தது. டோக்கியோ, ஒசாகா பக்கம் ஓடுபவை நன்றாகவே நடந்தன. வரி உயர்ந்தபோது கூட்டியதைத் தவிர, பல ஆண்டுகள் கட்டணத்தை ஏற்றாமலே சமாளித்த நிறுவனமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் தேசிய ரயில்வே விட்டுச்சென்ற பழைய கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். அதில் பெரும்பகுதி புது நிறுவனங்களின் தலையில் விழவில்லை, கடைசியில் மக்களின் வரிப்பணத்தில் வந்து நின்றது. (லாபக் கணக்கு போடுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்!) ஹொக்கைடோ, ஷிகோகு தீவுகளின் ரயில் நிறுவனங்கள், சரக்கு நிறுவனம் ஆகியவற்றின் பங்குகள் இன்றும் அரசின் கையில்தான்.

ஹொக்கைடோவில் பனியும் அதிகம், பயணிகளும் குறைவு. தன் பாதைகளில் சுமார் பாதியைத் தன்னால் மட்டும் நடத்த முடியாது என்று அந்த நிறுவனமே 2016-ல் அறிவித்தது. அந்த டிசம்பரிலேயே அங்குள்ள ருமோய்–மஷிகே பாதையில் கடைசி ரயில் ஓடியது.