ஹட்ஸா சிறுவர்களின் வில்லைப் பார்த்து "பயிற்சி" என்று சொல்லாதீர்கள்

ஆப்பிரிக்கச் சிறுவர்கள் வில்லோடு திரிகிற வீடியோ எது வந்தாலும், "சின்ன வயசுலயே வேட்டைக்குத் தயார் பண்றாங்க பாருங்க" என்று கீழே யாராவது எழுதிவிடுகிறார்கள். பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள், ஆனால் எனக்கு இது ஒப்பவே இல்லை.

வடக்குத் தான்சானியாவில் ஏயாசி ஏரியைச் சுற்றி, வேட்டையாடியும் காட்டில் கிழங்கு, காய் தேடியும் வாழும் ஹட்ஸா மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். அங்கே பையன்களுக்கு மூன்று, நான்கு வயதிலேயே கைக்கு அடக்கமாக ஒரு வில் கிடைத்துவிடும். அப்புறம் நாள் முழுக்க அதுதான். எதையாவது குறிவைத்து எய்வது, அம்பைத் தேடி ஓடுவது, திரும்ப எய்வது. பெரியவர்களின் வில்லை இழுக்க ஏறக்குறைய 30 கிலோ விசை வேண்டும், அவர்கள் அம்பில் பூசும் நஞ்சில் ஒன்று நாம் மாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற அடேனியத்திலிருந்து எடுப்பது. பையன்களின் அம்பில் நஞ்சு கிடையாது. பக்கத்தில் நின்று "முழங்கையைத் தூக்கு" என்று திருத்த ஒரு மாஸ்டரும் கிடையாது. பல வயதுப் பிள்ளைகள் கும்பலாகத் திரிவார்கள், பெரியவனைப் பார்த்துச் சின்னவன் எய்வான், அவ்வளவுதான். இந்த வில்லில் ஒரு குருவியோ எலியோ விழுந்தால் அங்கேயே தீ மூட்டிச் சுட்டுத் தின்றுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளும் அப்படித்தான், கம்பால் கிழங்கு தோண்டுவார்கள், பொந்தன்புளி (பாவோபாப்) மரத்தின் காயைக் கல்லால் உடைத்துத் தின்பார்கள். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் சில பருவங்களில் தங்கள் சாப்பாட்டில் பாதி வரைக்கும் தாங்களே தேடிக்கொள்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கே வயிற்றுக்குப் போகிற விஷயத்தை எப்போதோ வரப்போகும் வேலைக்கான ஒத்திகை என்று சொன்னால், அந்தப் பிள்ளைகள் இன்றைக்குச் செய்வது கணக்கிலேயே வராமல் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பிளர்ட்டன் ஜோன்ஸ், ஃபிராங்க் மார்லோ என்ற இரண்டு மானுடவியலாளர்கள் 2002 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விடுதிப் பள்ளியில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஹட்ஸாக்களையும் காட்டிலேயே வளர்ந்தவர்களையும் அம்பு எய்யவும் கிழங்கு தோண்டவும் வைத்துப் பார்த்ததில், பள்ளிக்குப் போனவர்கள் பின்தங்கவில்லை. சின்ன வயசு வில் வெறும் பயிற்சியாக இருந்திருந்தால், அதைத் தவறவிட்டவர்கள் பின்தங்கியிருக்க வேண்டுமே. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. "பள்ளிக்கு அனுப்பினால் வேட்டைத் திறமை அழிந்துவிடும்" என்று உருகுகிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது, "சும்மா விளையாடுறாங்க, பிடிச்சு ஹாஸ்டல்ல போடு" என்கிறவர்களுக்கு மேலே சொன்ன பாதிச் சாப்பாட்டுக் கணக்கே பதில். குறிபார்க்கும் கை அவ்வளவு சுலபத்தில் போய்விடாது. குருவியும் கிழங்கும் இருக்கிற காடு போய்விடும், போய்க்கொண்டும் இருக்கிறது. மழை பொய்த்தால் வெளியிலிருந்து மாட்டு மந்தைகள் வருகின்றன, ஓரங்களில் சோளமும் வெங்காயமும் போடக் காட்டைத் திருத்துகிறார்கள், தண்ணீர் இருக்கிற இடங்களுக்குப் போட்டி. மாடு மேய்க்கிறவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்களுக்கும் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. அந்த ஏரிப் பக்கத்து யாயேடா பள்ளத்தாக்கில் ஹட்ஸாக்களுக்கு 2011 இல் கூட்டு நில உரிமை எழுத்தில் கிடைத்தது. நல்ல காரியம், ஆனால் அவர்கள் சுற்றித் திரிந்த நிலம் அதைவிட எவ்வளவோ பெரியது.

அதனால், அந்த வீடியோவைப் பகிர்கிற நண்பர்களே, பையனின் குறியை மெச்சுங்கள், தாராளமாக. கூடவே அவன் நிற்கிற நிலம் யார் பெயரில் இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.