ஊட்டிக் குளிரில் பிளாட்டின மோதிரம் அளவெடுப்பவர்களுக்கு

பிளாட்டின மோதிரம் பற்றிய ஒரு கட்டுரையில், பிளாட்டினத்தில் கீறலே விழாது என்று படித்தேன். அது தவறு, கட்டாயம் விழும். ஆனால் தங்கத்தில் தேய்மானமாகப் போகும் உலோகம் இதில் பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி அங்கேயே நிற்கும். அதனால்தான் நாளடைவில் பளபளப்பு குறைந்து மங்கிய சாம்பல் சாயல் வருகிறது. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும். அடிக்கடி மட்டும் போடாதீர்கள்.

வெள்ளைத் தங்கம் வேறு. அதன் வெண்மை பெரும்பாலும் மேலே உள்ள ரோடியம் என்ற வெள்ளை உலோகப் பூச்சுதான். தேய்ந்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிளாட்டினம் வாங்கும்போது மோதிரத்தின் உள்பக்கம் 'பிடி 950' (Pt 950) முத்திரை பாருங்கள், 1000-க்கு 950 பங்கு பிளாட்டினம் என்று பொருள். 18 காரட் தங்கத்தில் 6 கிராம் வரும் மோதிரம் அதே அளவில் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 8 கிராம் வரும்.

ஊட்டி, குன்னூரில் காலைக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும். அப்போது அளவெடுத்தால் மேட்டுப்பாளையம் இறங்கியதும் மோதிரம் இறுக்கும். மதியம், கை சூடாக இருக்கும்போது எடுங்கள். பின்னால் பெரிதாக்குவது லேசான வேலையில்லை: தங்கம் 1064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும். தங்கப் பற்றாசு (உருக்கி ஒட்டவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஒட்டினால் இணைப்பில் மஞ்சள் கோடு தெரியும். பிளாட்டின வேலைக்கென்றே வசதியுள்ள பட்டறையில் மட்டும் கொடுங்கள்.