மரியன் ஆண்டர்சனுக்கு மேடை மறுத்தது யார்?

பிலடெல்பியாவின் ஸ்டென்டன் மாளிகையை நடத்தும் 'கலோனியல் டேம்ஸ்' பெண்கள் சங்கம்தான் 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனில் மேடை தர மறுத்தது என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

ஸ்டென்டன் விஷயம் சரி. அந்தச் சங்கத்தின் பென்சில்வேனியாக் கிளை 1899 முதல் அந்த வீட்டைப் பராமரித்து வருகிறது. மேடை மறுத்தது மட்டும் வேறு சங்கம். வாஷிங்டனில் மறுக்கப்பட்ட அரங்கமான கான்ஸ்டிடியூஷன் ஹால் 'டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன்' அமைப்புக்குச் சொந்தமானது, மறுத்ததும் அவர்களே. ஒன்று 1890இலும் மற்றது 1891இலும் தொடங்கியவை, இரண்டிலும் வம்சாவளியைக் காட்டித்தான் சேர முடியும். குழம்புவதில் ஆச்சரியமில்லை. கலோனியல் டேம்ஸை விமர்சிக்க வேறு காரணம் இருந்தால் அது தனிப் பேச்சு.

சரிபார்ப்பது எளிது. அந்த மறுப்பைக் கண்டித்து அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் எழுதிய ராஜினாமா கடிதம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் படமாகவே கிடைக்கிறது. தேதி 1939 பிப்ரவரி 26. தட்டச்சில் சில வரிகள்தான். எந்தச் சங்கத்திலிருந்து விலகுகிறார் என்பது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. பதிவிட்ட நண்பர் அதைப் பார்த்துவிட்டுப் பெயரை மாற்றினால் போதும்.